வண்டி பூட்டுதல்

தமிழில் வண்டியைப் பூட்டுவது என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. நம் பாட்டன்மார் காலத்தில் வண்டியைப் பூட்டு என்றால், மாடுகளை நுகத்தடியில் சேர்த்துப் பூட்டாங்கயிறு கட்டிப் புறப்படத் தயாராக்கு என்று பொருள். இன்று அதே சொற்றொடருக்கு, வண்டியை ஓரமாக நிறுத்திக் கதவுகளை மூடிச் சாவியைத் திருப்பிவிட்டு வா என்று பொருள். ஓட வைப்பதைக் குறித்த சொல், ஓடாமல் வைப்பதைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

இந்தப் பொருள் மாற்றத்துக்குப் பின்னால் ஒரு நடைமுறை மாற்றமும் உண்டு. அவிழ்த்துப்போட்ட மாட்டு வண்டியை எவரும் எளிதில் கடத்திக்கொண்டு போய்விட முடியாது. வண்டி தெருவில் கிடக்கும். மாடுகள் தொழுவத்தில், உடையவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டிய தூரத்தில் நிற்கும். இழுக்கும் சக்தியும் இழுபடும் பொருளும் இரவில் தனித்தனியே வைக்கப்பட்டன. மோட்டார் கார் வந்தபோது இந்தப் பிரிவினை ஒழிந்தது. காரின் மாடுகள் எந்நேரமும் பூட்டியபடியே தெருவில் நிற்கின்றன. அவற்றுக்கும் அயலானுக்கும் நடுவே உள்ளவை ஒரு கதவும் அதன் பூட்டும்தாம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இலக்கிய வட்டத்து நண்பர் ஒருவர் தம்முடைய பழைய காரை ஒரு கூட்ட அரங்கின் வெளியே நிறுத்திவிட்டு வந்தார். கூட்டம் முடிந்து போனபோது பின் இருக்கையில் வைத்திருந்த பையைக் காணவில்லை. பையில் பணமோ நகையோ இல்லை; மூத்த வாசகர் ஒருவரிடம் இரவலாக வாங்கி வந்த பழைய சிற்றிதழ்கள் இருந்தன. கதவில் ஒரு கீறலும் இல்லை, கண்ணாடியும் உடையவில்லை. பூட்டிவிட்டுத்தான் வந்தேன் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பூட்ட மறந்திருப்பார் என்றே நாங்கள் அனைவரும் நினைத்தோம். நினைத்ததோடு நில்லாமல் சொல்லவும் செய்தோம். சில வாரங்கள் கழித்துப் பட்டறையில் மெக்கானிக் ஒருவர், அதே மாதிரியைச் சேர்ந்த வேறொரு காரின் தேய்ந்த சாவியை நண்பரின் காரில் நுழைத்துக் கொஞ்சம் ஆட்டினார். கதவு திறந்துகொண்டது. 'பழைய வண்டிங்கன்னா அப்படித்தான் சார்' என்று சாதாரணமாகச் சொன்னார் அவர்.

திருட்டுக் கொடுத்தவரையே குற்றவாளியாக்கிய எங்கள் அவசரத்தை எண்ணி அன்று வெட்கப்பட்டோம். அதன் பிறகுதான் கார்க் கதவுப் பூட்டின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. கதவு திறந்துகொண்டதற்கான காரணம், பெரும்பாலும் கார் விற்கப்படுவதற்கு முன்பே எங்கோ ஒரு தொழிற்சாலையின் கணக்கேட்டில் முடிவாகிவிடுகிறது. பழி மட்டும் பூட்டிவிட்டுப் போனவர் தலையில் விழுகிறது.

*

காருக்குப் பூட்டு வருமுன்பே பூட்டுக்கு வெகுவாக வயதாகியிருந்தது. பழைய எகிப்திலும் அசீரியாவிலும் மரத்தாழின் துளைகளில் சிறு முளைகள் விழுந்து தாழைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு இருந்தது. அந்த முளைகளைத் தூக்கிவிடும் பற்களைக் கொண்ட மரக்கோல்தான் சாவி. திறவுகோல் என்ற நம் சொல்லில் கோல் இருப்பது இத்தகைய சாவியைப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

நவீனப் பூட்டின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1778இல் ராபர்ட் பேரன் என்பவர், பூட்டுக்குள் இருக்கும் நெம்புத் தகடுகள் சரியான உயரத்துக்குத் தூக்கப்பட்டாலன்றித் தாழ் நகராத அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது என்பது இதன் புதுமை. 1784இல் ஜோசப் பிராமா வேறொரு வகைப் பூட்டைச் செய்தார். அதைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அவருடைய இலண்டன் கடைச் சாளரத்தில் அறிவிப்புப் பலகையே வைக்கப்பட்டது. 1818இல் போர்ட்ஸ்மத் நகரின் ஜெரமையா சப் செய்த பூட்டு, எவராவது கள்ளத்தனமாகத் திறக்க முயன்றால் இறுகிக்கொண்டு, உடையவர் அடுத்து சாவி போடும்போது அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தப்பமுடியாத பூட்டுகள் என்று இவ்விரண்டையும் ஆங்கிலேயர் பல பத்தாண்டுகளாகக் கொண்டாடி வந்தனர்.

1851இல் இலண்டன் ஹைட் பூங்காவில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற பூட்டு வல்லுநர் வந்தார். சாட்சிகள் முன்னிலையில் சப்பின் பூட்டை 25 நிமிடங்களில் திறந்தார். பிராமாவின் பூட்டு அவருக்கு 16 நாள்களில் பரவிய 51 மணி நேர வேலையாயிற்று. ஆனால் அதுவும் திறந்தது. இதனால் எழுந்த விவாதம் பூட்டுகளையும் தாண்டியது. பூட்டின் பலவீனத்தை ஊரறியச் சொல்வது திருடருக்குப் பாடம் நடத்துவதாகாதா என்று பலர் கேட்டனர். திருடர்களுக்கு இதெல்லாம் முன்பே தெரியும், தெரியாமல் இருப்பவர்கள் பூட்டை நம்பிப் பணம் கொடுப்பவர்கள்தாம் என்பது ஹாப்ஸ் தரப்பின் பதில். அந்த வாதம் 160 ஆண்டுகள் கழித்துக் கார்ப் பூட்டின் பொருட்டு ஒரு நீதிமன்றத்தில் மீண்டும் எழப்போவதைப் பின்னர் பார்ப்போம்.

சாவி ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையதாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கைத்தொழில் காலத்தில் தானாகவே நிறைவேறியது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பூட்டையும் ஒரு கைவினைஞர் அரத்தால் ராவித் தனித்தனியே பொருத்துகிறார். ஆகவே ஒன்றன் சாவி மற்றொன்றுக்குப் பொருந்துவது அரிது. இயந்திரம் ஆயிரக்கணக்கில் பூட்டுகளைச் செய்யத் தொடங்கும்போதுதான், எத்தனை வேறுபட்ட சாவிகள் என்பது உற்பத்திச் செலவின் கேள்வியாகிறது. அமெரிக்காவில் இளைய லைனஸ் யேல் 1860களில் உருவாக்கிய முளைப் பூட்டும் தட்டையான சிறு சாவியும் இந்தப் பெருக்கத்துக்கு வழி திறந்தன. இன்று நம் வீட்டுக் கதவுகளிலும் அந்த வகைதான் பரவலாக இருக்கிறது.

*

முதல் கார்களுக்குப் பூட்டு இல்லை. பலவற்றுக்குக் கதவே இல்லை. 1886இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டி, மேலே திறந்த ஒரு நாற்காலி போன்றது. அதனைப் பாதுகாத்தது அதன் கடினம்தான். பின்னர் வந்த கார்களையும் கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. அந்த வேலைக்குப் பலமும் பழக்கமும் தேவை. தவறினால் கை முறியும். 1912இல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் இயக்கி வந்தபின், காலால் ஒரு பொத்தானை மிதித்தால் கார் கிளம்பிவிடும் என்றாயிற்று. உடையவருக்குக் கிடைத்த வசதி அயலானுக்கும் கிடைத்தது. கார்த் திருட்டு பெருகியதால், திருடிய காரை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதை நடுவண் குற்றமாக்கி 1919இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

அந்த ஆண்டில் அமெரிக்கச் சாலைகளில் நிறைந்திருந்தது ஃபோர்டின் மாடல் டி. 1908 முதல் 1927 வரை சுமார் ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்தன. துணிக்கூரை போட்ட மாடல் டியில் ஓட்டுநர் பக்கத்துக் கதவு பல ஆண்டுகள் வெறும் தகரத்தில் அழுத்திய கோட்டுருவமாகவே இருந்தது. அதைத் திறக்க முடியாது, திறக்கத் தேவையும் இல்லை. பூட்டு என்று இருந்தது மின்னோட்டத்தைத் திறக்கும் விசைக்கு மட்டுமே. மின் இயக்கி பொருத்திய மாடல் டி வண்டிகளின் அந்த விசைக்கு 51 முதல் 74 வரை எண்ணிட்ட 24 வகைச் சாவிகள் இருந்தன. இலட்சக்கணக்கான கார்களுக்கு இருபத்து நான்கே சாவிகள்! போதாக்குறைக்கு எந்தச் சாவி என்ற எண்ணும் விசையின் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. சாவி தொலைந்தால் கடைக்காரரிடம் எண்ணைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதிக்காகச் செய்தது அது. 24 சாவிகளையும் ஒரு வளையத்தில் கோத்து வைத்திருப்பவனுக்கு எல்லா மாடல் டியும் சொந்தம்.

இதனை மடமை என்று ஒதுக்கிவிட முடியாது. விற்பவருக்கு இது இலாபம், பழுதுபார்ப்பவருக்கு எளிமை, வாங்குபவருக்கும் ஒரு வகையில் நன்மை. இழப்பு ஏற்படும்போது மட்டும் அது ஒருவரைத் தேடிச் சேர்கிறது. அவர் இந்தக் கணக்கைப் போட்டவர் அல்லர்.

1920களில் மூடிய உடலமைப்புக் கொண்ட கார்கள் பரவின. 1919இல் அமெரிக்காவில் பத்தில் ஒரு காருக்குத்தான் நிலையான கூரை இருந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றுக்கு இருந்தது. கார் ஓர் அறையாயிற்று. அறை என்று ஆனதும் அதற்குள் பொருளை விட்டுச் செல்லலாம் என்ற எண்ணமும், ஆகவே கதவைப் பூட்ட வேண்டும் என்ற தேவையும் வந்தன. கதவுப் பூட்டின் வரலாறு உண்மையில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

*

கார்க் கதவைப் பூட்டும்போது நாம் சாவியைத் திருப்புவது ஒரு சிறு உருளையை. வீட்டுக் கதவில் போல முளைகள் இல்லாமல், பெரும்பாலும் அதில் மெல்லிய பித்தளைத் தகடுகள் அடுக்கியிருக்கும். சாவியின் வெட்டுகள் தகடுகளைச் சரியான மட்டத்துக்குக் கொண்டுவந்தால் உருளை சுழலும். ஆறு தகடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆழங்கள் என்று கொண்டால் 4096 வேறுபாடுகள் கிடைக்கும். எல்லா வெட்டும் ஒரே ஆழமாக இருப்பவை போன்ற பயனற்ற சேர்க்கைகளைக் கழித்தால் எண்ணிக்கை இன்னும் குறையும். அடுத்தடுத்த ஆழங்களுக்கு இடையே உள்ள வித்தியாசமோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மழை, தூசி, வெயில், உறைபனி எல்லாவற்றிலும் அது திறந்தாக வேண்டும் என்பதால் உள்ளே சற்றுத் தளர்வு விட்டே செய்கிறார்கள். பல ஆண்டுகள் புழங்கித் தகடும் சாவியும் தேய்ந்தால் அந்தத் தளர்வு பெருகுகிறது. எங்கள் நண்பரின் கார் அயல் சாவிக்குத் திறந்த மர்மம் இவ்வளவுதான்.

உருளை வலுவானதாக இருந்தாலும் அது வெறும் தூதுவன். கதவைப் பிடித்திருப்பது ஓரத்தில் உள்ள கொண்டி. உருளையிலிருந்தும், உள் கைப்பிடியிலிருந்தும், சாளர விளிம்பில் இருந்த சிறு குமிழிலிருந்தும் கொண்டிக்குக் கம்பிகள் போகும். ஆகவே திருடன் உருளையோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. வேறு வழியாகத் தூது அனுப்பினால் போதும். பழைய கார்களில் காளான் தலை போல் இருந்த குமிழ், கம்பிச் சுருக்குக்கு எளிதில் அகப்பட்டது. பின்னாளில் அதைத் தலையில்லாத வழுவழுப்பான குச்சியாக மாற்றினார்கள். நம் பழைய அம்பாசடர் காரின் முன் கதவில் காற்றுக்காகத் திறக்கும் முக்கோணக் கண்ணாடி பலருக்கு நினைவிருக்கும். கோடைக்கு அருமையான அந்தச் சிறு சாளரம் கள்ளக் கைக்கும் வழிவிட்டது.

கார்க் கதவுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வீட்டுக் கதவு வெளியாரைத் தடுத்தால் போதும். கார்க் கதவோ விபத்தில் தானாகத் திறந்து உள்ளிருப்பவரை வெளியே எறிந்துவிடக் கூடாது. அதே விபத்துக்குப் பின் காப்பாற்ற வருபவருக்குத் திறக்கவும் வேண்டும். கதவுப் பூட்டுகளும் கீல்களும் மோதலில் தாங்க வேண்டிய அளவுகளை அமெரிக்கா 1968 முதல் சட்ட விதியாக்கியது. திருடனை நினைத்துச் செய்யும் ஒவ்வொரு பூட்டையும் தீயணைப்பு வீரரை நினைத்தும் செய்ய வேண்டியிருக்கிறது. எவ்வளவு செலவிட்டாலும் கார்க் கதவு இரும்புப் பெட்டியின் கதவாக முடியாது. அதனால் தரக்கூடியது நேரம் மட்டுமே. அரை நிமிடத்தில் திறக்கும் கதவுக்கும் ஐந்து நிமிடம் தாங்கும் கதவுக்கும் உள்ள வேறுபாடு, ஆள் நடமாட்டமுள்ள தெருவில் பெரிய வேறுபாடு.

*

கதவு கைவிட்டால் உள்ளே இன்னொரு பூட்டு வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது ஸ்டீயரிங் பூட்டு. சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் சக்கரம் திரும்பாது. இதை இரண்டு நாடுகள் இரண்டு விதமாக நடைமுறைப்படுத்தின. நாம் படித்தவற்றுள் நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது இந்தப் பகுதிதான்.

மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் இதைக் கட்டாயமாக்கியது. புதிய கார்களோடு நிறுத்தாமல், 1963இல் சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய கார்களுக்கும் விதித்தது. கார்த் திருட்டு பாதிக்கும் கீழே இறங்கியது. பிரிட்டனோ 1971இல் புதிய கார்களுக்கு மட்டும் விதித்தது. என்ன நடந்தது என்பதை பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகத்தின் ஆய்வாளர்கள் 1976இல் வெளியிட்ட அறிக்கையில் காணலாம். இலண்டன் பெருநகரில் திருடப்பட்ட கார்களில் 1969இல் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று புதிய கார்; 1973இல் அது இருபதில் ஒன்றாகச் சுருங்கியது. ஆனால் திருட்டின் மொத்தம் குறையவில்லை. திருடர்கள் பூட்டில்லாத பழைய கார்களுக்கு மாறிக்கொண்டார்கள்.

இதன் பொருளை நிதானமாக யோசிக்க வேண்டும். புதிய கார் வாங்க வசதியுள்ளவர் தம் பாதுகாப்பையும் சேர்த்து வாங்கினார். அவர் தவிர்த்த திருட்டு காற்றில் கரைந்துவிடவில்லை. அதே தெருவில் பழைய கார் வைத்திருந்தவர் வாசலுக்குப் போயிற்று. பழைய கார் வைத்திருப்பவர் பெரும்பாலும் இழப்பைத் தாங்கும் வசதி குறைந்தவர். தனியொருவர் போடும் பூட்டு அவருடைய காரைக் காத்து அண்டை வீட்டாரின் காரைக் காட்டிக்கொடுக்கக் கூடும். ஊரிலுள்ள எல்லாக் கார்களுக்கும் போட்ட பூட்டுதான் திருட்டையே குறைத்தது.

இந்தப் பாடத்தை பிரிட்டன் தாமதமாகவேனும் கற்றது. 1992இல் உள்துறை அமைச்சகம் எந்த மாதிரிக் கார்கள் அதிகம் திருடப்படுகின்றன என்ற பட்டியலைத் தயாரிப்பாளர் பெயரோடு வெளியிட்டது. அதுவரை உடையவரின் அசட்டை என்று பேசப்பட்டது, அன்று முதல் தயாரிப்பாளரின் மதிப்பெண்ணாயிற்று. காப்பீட்டு நிறுவனங்களும் தங்கள் சோதனைக்கூடத்தில் கார்களை உடைத்துப் பார்த்து, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அளக்கத் தொடங்கின. டெட்லாக் என்னும் அமைப்பு பரவியது. அது போடப்பட்டால், கண்ணாடியை உடைத்துக் கையை விட்டாலும் உள் கைப்பிடியால் கதவு திறக்காது. உள்ளே ஆளை வைத்து அதைப் போட்டால் ஆபத்து என்பதையும் தயாரிப்பாளர்கள் எச்சரிக்க வேண்டியிருந்தது. 1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. சாவிக்குள் இருக்கும் சிறு சில்லு தன்னை அடையாளம் காட்டினாலொழிய எஞ்சின் கிளம்பாது. மாடுகளை அவிழ்த்துத் தொழுவத்தில் கட்டும் பழைய முறைதான் இது.

இங்கிலாந்து, வேல்ஸ் குற்றக் கணக்கெடுப்பில் காரையோ காருக்குள்ளிருந்தோ திருடிய, திருட முயன்ற நிகழ்வுகள் 1995இல் 40 இலட்சத்துக்கும் அதிகம் என மதிப்பிடப்பட்டன. இருபது ஆண்டுகளில் அது 10 இலட்சத்துக்குக் கீழே வந்தது. காரணங்கள் பலவாக இருக்கலாம். ஆனால் கதவுப் பூட்டை நெம்பித் திறக்கும் முறை அருகியதைத் தனியே எடுத்துக்காட்டி, நல்ல பூட்டுகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்று பின்னர் வந்த ஆய்வுகள் கூறின.

*

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் அதற்குள் சாவி மின்னணுப் பொருளாகியிருந்தது.

1980களின் தொடக்கத்தில் ரெனோ நிறுவனத்தின் ஃபுவேகோ கார், தொலைவிலிருந்தே கதவைத் திறக்கும் ரிமோட்டோடு வந்தது. பின்னர் வானொலி அலையில் இயங்கும் ரிமோட்டுகள் பரவின. தொடக்க காலத்தவை ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பின. காற்றில் அதைப் பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பினால் கதவு திறந்துவிடும். ஆகவே ஒவ்வோர் அழுத்தலுக்கும் மாறிக்கொண்டே வரும் குறியீடுகளை உருவாக்கினார்கள். அடுத்த குறியீடு எது என்பது காரின் கணினிக்கும் ரிமோட்டுக்கும் மட்டுமே தெரிந்த ஓர் இரகசிய எண்ணிலிருந்து பிறக்கும். ஒவ்வொரு காருக்கும் தனித்தனி இரகசியம் இருந்தால் இது வலுவான ஏற்பாடு.

2016இல் பிரிட்டன், ஜெர்மனி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, ஃபோக்ஸ்வாகன் குழுமம் 1995 முதல் தயாரித்த கார்களில் பெரும்பாலானவற்றின் ரிமோட் பூட்டு, உலகம் முழுமைக்கும் பொதுவான ஒருசில இரகசிய எண்களையே நம்பியிருந்ததைக் காட்டியது. ஒரு காரின் கருவியைப் பிரித்து அந்த எண்ணைக் கண்டுபிடித்தவர், வேறொரு காரின் ரிமோட் ஒருமுறை பேசுவதைக் கேட்டால் போதும். அதன் போலியைச் செய்துவிடலாம். மாடல் டியின் 24 சாவிகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்தன. இம்முறை எண்ணிக்கை அதைவிடக் குறைவு! காரணமும் பழையதே. ஒவ்வொரு காருக்கும் வேறு எண் வைத்துப் பராமரிப்பது தொல்லை, ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைப்பது மலிவு. மாடல் டியில் எண் விசையின் முகத்தில் எழுதியிருந்ததால் வாங்குபவருக்கும் தெரிந்தது. இந்த முறை வாங்குபவருக்குத் தெரிய வழியே இருக்கவில்லை.

ஹாப்ஸின் வழக்கும் திரும்பியது. இதே ஆய்வாளர்களில் ஒருவர் உள்ளிட்ட மூவர், பல நிறுவனங்களின் கார்களில் பயன்பட்ட ஓர் இம்மொபிலைசர் சில்லின் பலவீனத்தைக் கண்டறிந்து 2013இல் வெளியிட இருந்தனர். ஃபோக்ஸ்வாகன் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. கார்கள் திருடுபோகும் என்பது வாதம். கட்டுரை ஒரே ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு 2015இல் வெளியாயிற்று. இரண்டு ஆண்டுகள் மௌனமாக இருந்ததால் யாருக்கு நன்மை என்ற கேள்வியை 1851இன் விவாதத்தோடு சேர்த்துப் படிக்கலாம். பலவீனம் தெரியவந்த பிறகும் சாலையில் இருக்கும் கார்களின் பூட்டை மாற்றித் தருவது செலவு மிக்கது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அந்தச் செலவைத் தவிர்க்கும் இரகசியம், இழப்பை உடையவரிடம் விட்டுவைக்கும் இரகசியம்.

சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும் கார்கள் அடுத்து வந்தன. சாவி அருகில் இருக்கிறது என்பதைக் கார் அலையின் பலத்தைக் கொண்டு ஊகித்தது. 2011இல் சூரிக் ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாதிரிகளைச் சோதித்து, வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையை இடைக்கருவி கொண்டு கார்வரை நீட்டினால் பத்துமே திறந்துகொள்வதைக் காட்டினர். கதவில் கீறல் இராது, கண்ணாடி உடையாது. எங்கள் நண்பரின் அனுபவம் இப்போது விலையுயர்ந்த கார்க்காரர்களுக்கும் கிட்டிற்று. அலை சென்று திரும்பும் நேரத்தை அளந்து தொலைவைக் கணிக்கும் சாவிகள் பின்னர் வந்தன. எல்லாக் கார்களுக்கும் அவை வரவில்லை.

அமெரிக்கக் கதை இதைவிட எளிமையானது. கனடா 2007இல் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது, அமெரிக்கா கட்டாயமாக்கவில்லை. 2015ஆம் ஆண்டு மாதிரிகளில் பிற நிறுவனங்களின் கார்களில் 96 விழுக்காட்டுக்கு அது இயல்பாகவே இருந்தது. அங்கு விற்ற ஹூண்டாய், கியா கார்களில் 26 விழுக்காட்டுக்குத்தான் இருந்தது. அந்தக் கார்களைக் கிளப்பும் முறையைக் காட்டும் காணொளிகள் பரவியதும், 2021, 2022இல் சிறுவர்கள் கண்ணாடியை உடைத்துக் காரைக் கொண்டுபோவது விளையாட்டாகிவிட்டது. 2023 பிப்ரவரியில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை, இதனால் குறைந்தது 14 மோதல்களும் 8 சாவுகளும் நேர்ந்ததாக அறிவித்தது. அதே ஆண்டு நிறுவனங்கள் சுமார் 20 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டன. எல்லையின் ஒருபுறம் சட்டம் இருந்தது, காரில் பூட்டு இருந்தது. மறுபுறம் இரண்டும் இல்லை.

*

பூட்டு யோக்கியனுக்குத்தான், திருடனுக்கு இல்லை என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை என்றே இந்த வரலாற்றைப் படித்தபின் தோன்றுகிறது. தேர்ந்த திருடனை எந்தப் பூட்டும் தடுக்காது என்பது சரி. ஆனால் பெரும்பாலான திருட்டுகளைச் செய்பவர் தேர்ந்தவர் அல்லர். எளிதாக இருப்பதால் செய்பவர். அரை நிமிடம் ஐந்து நிமிடமானபோது அவர்களில் பலர் வேறு காரைத் தேடிப் போனார்கள். எல்லாக் கார்களும் ஐந்து நிமிடமானபோது பலர் அந்த வேலையையே விட்டார்கள்.

நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியவை சிலவே. ரிமோட்டை அழுத்திவிட்டு நடையைக் கட்டாமல், கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். ரிமோட்டின் அலையைத் தடுக்கும் கருவியோடு அருகில் எவராவது நின்றால் விளக்குகள் மினுங்காது, கதவு பூட்டாது. தொடாமல் திறக்கும் சாவியை வாசலருகே தொங்கவிடாமல் உள்ளறையில், இறுக மூடும் தகரப் பெட்டியில் வைக்கலாம். பழைய காரின் உருளை தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். அதற்காகும் செலவு பெரிதன்று. பையைக் கண்ணில் படும்படி இருக்கையில் வைக்கவே கூடாது. கதவு எதுவானாலும் கண்ணாடி கண்ணாடிதான்.

இவற்றைச் செய்வதோடு, கார் வாங்கும்போது மைலேஜையும் வண்ணத்தையும் கேட்பதுபோல் பூட்டைப் பற்றியும் கேட்கத் தொடங்கினால் நல்லது. நாம் கேட்பதால் விற்பனையாளருக்கு உடனே பதில் தெரிந்துவிடப் போவதில்லை. ஆனால் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் மாற்றம் வந்தது, இது உடையவரின் கவனக்குறைவு என்ற பேச்சு ஓய்ந்து, இது செய்தவரின் பொறுப்பு என்ற பேச்சு எழுந்த பிறகுதான்.

நண்பரின் சிற்றிதழ்கள் திரும்பவில்லை. எடுத்தவன் பையைத் திறந்து பார்த்து ஏமாந்து எந்தச் சாக்கடையோரம் எறிந்தானோ, எந்தப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டானோ. ஓரிரு இதழ்களுக்கு மட்டும் வேறொருவரிடமிருந்து நகல் எடுத்து அந்த மூத்த வாசகரிடம் சேர்த்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். நண்பரோ இன்றைக்கும் எங்களோடு வரும்போது, காரைப் பூட்டிவிட்டு நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டுகிறார். பூட்டியாயிற்று, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்போம்.